குறிப்புகளோடு போன நாவல்

அந்த ஆஸ்பத்திரியில் அவளுடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி பெரிய டாக்டரிலிருந்து தரை துடைப்பவர் வரை எல்லோருக்கும் அவள் மூச்சக்கா. கீழ்த்தளத்தில், படிக்கட்டுக்கு இடப்பக்கம் இருக்கும் எக்ஸ்ரே அறையில் இருபத்திரண்டு வருடமாக அவள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது மூன்றே வாக்கியம். மூச்சை நல்லா இழுங்க. அப்படியே பிடிங்க. இப்ப விடலாம். நாளொன்றுக்கு அறுபது, எழுபது நெஞ்சுகள். இருமல்காரர்கள், புது வேலைக்குச் சான்றிதழ் வாங்க வந்தவர்கள், ஆபரேஷனுக்கு முன்னால் பயந்து போய் நிற்பவர்கள் என்று எல்லோரும் அவள் சொன்னபோது இழுத்தார்கள், அவள் சொன்னபோது விட்டார்கள்.

இந்த வேலைக்கு நடுவே அவள் ஒரு நாவலும் எழுதிவிட்டாள். காலையில் கிளம்புவதற்கு முன் ஒரு மணி நேரம், மதியச் சாப்பாட்டு வேளையில் அரை மணி நேரம், இப்படியே ஆறு வருடம். எதிரெதிர் வீட்டில் குடியிருந்துகொண்டு பதினோரு வருடம் பேசாமல் இருந்த ஓர் அக்காளும் தங்கையும்தான் கதை. நானூற்றுப் பன்னிரண்டு பக்கம் வந்திருந்தது. கடைசி வரியை எழுதிவிட்டு "முடிஞ்சுதுங்க" என்று கணவரிடம் சொன்னாள். காலணிக்கு நாடா கட்டிக்கொண்டிருந்த அவர் எரிவாயுதான் தீர்ந்துவிட்டது என்று நினைத்து, சிலிண்டருக்குச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பெரிய பதிப்பகங்கள் நேராக வரும் கைப்பிரதியைப் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை, நடுவில் ஏஜென்ட் என்று ஒருவர் வேண்டும் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான் தெரியவந்தது. வெளியூரில் படிக்கும் மகள் போனில் விளக்கினாள். ஏஜென்ட் நாவலைப் படித்துப் பார்ப்பாராம். பிடித்திருந்தால் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு பதிப்பகங்களிடம் பேசுவாராம். புத்தகம் விலைபோனால் அவருக்கும் ஒரு பங்கு. பிடிக்கவில்லையென்றால் வேண்டாம் என்று ஒரு வரி எழுதுவார். சிலர் அந்த ஒரு வரியும் எழுத மாட்டார்கள்.

கீழ் மாடியில் தையல் கடை வைத்திருந்த நாத்தனார், பாவாடை நாடாவைக் கோத்துக்கொண்டே இதையெல்லாம் கேட்டார். கணவரின் அக்காள் அவர். எதையும் ஒரே வரியில் முடிச்சுப் போட்டுவிடுவார்.

"அப்ப கல்யாணத் தரகர்னு சொல்லேன். பொண்ணு நம்ம பொண்ணு, வரன் பாக்கறது அவரு."

அன்றிலிருந்து அந்த வீட்டில் நாவலுக்குப் பெயர் பொண்ணு என்றாகிவிட்டது. பொண்ணு எதுவரைக்கும் போயிருக்கு, பொண்ணைப் பத்தி ஏதாவது தகவல் உண்டா என்று மாடிப்படியில் எதிர்ப்படும்போதெல்லாம் விசாரிப்பார்.

ஏஜென்டுக்கு முதலில் அனுப்ப வேண்டியது ஒரு பக்கக் கடிதமும் நாவலின் முதல் பத்துப் பக்கமும்தான். அந்த ஒரு பக்கம் அவளைப் படாத பாடு படுத்தியது. நானூறு பக்கம் எழுதியவளுக்கு அதை ஒரு பக்கத்தில் சொல்ல வரவில்லை. மூன்று வாரம் அடித்துத் திருத்தி, மகள் கொடுத்த பட்டியலிலிருந்து ஆறு பேருக்கு ஒரே நாளில் அனுப்பினாள். முதல் பதில் நாற்பது நிமிடத்தில் வந்தது. தங்கள் படைப்பு தற்சமயம் எங்கள் பட்டியலுக்குப் பொருந்தவில்லை. மூச்சக்கா அதை உடை மாற்றும் சிறிய தடுப்புக்குள் நின்று நாலு தடவை படித்தாள். பிறகு 'தற்சமயம்' என்ற அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு ஒரு நாள் முழுக்கத் தொங்கினாள். தற்சமயம் இல்லை என்றால் பிற்பாடு உண்டு என்றுதானே அர்த்தம்? கணவரிடம் கேட்டதற்கு, தன் கம்பெனியில் விடுப்புக் கேட்டாலும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்றார்.

இரண்டு வாரத்தில் இன்னும் மூன்று பேர் வேண்டாம் என்றார்கள். மற்ற இரண்டு கடிதமும் கிணற்றில் போட்ட கல். அவள் அடுத்த ஆறு பேருக்கு அனுப்பினாள். இதற்குள் போனைப் பார்ப்பது ஒரு வியாதியாகவே ஆகிவிட்டது. ஒரு நோயாளி போய் அடுத்தவர் வருவதற்குள் ஒரு தடவை, கதவைச் சாத்தும்போது ஒரு தடவை, ஈய அங்கியை மாட்டும்போது ஒரு தடவை. காலையில் நம்பிக்கையோடு கிளம்புவாள். பத்து மணிக்கு நாம் என்ன எழுத்தாளரா என்று தோன்றும். பதினொரு மணிக்கு அதே முதல் பக்கத்தை எடுத்துப் படித்துவிட்டு, இதைப் போய் வேண்டாம் என்கிறார்களே, இவர்களுக்குக் கண் இருக்கிறதா என்று கோபம் வரும். மதியத்துக்குள் மறுபடி விழுந்திருப்பாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை அது ஆபத்தில் கொண்டுபோய் விட்டது. எழுபது வயதுக்கு மேற்பட்ட ஒரு பெரியவரைப் பலகைக்கு முன்னால் நிறுத்தி, தோளை முன்னால் தள்ளச் சொல்லி, மூச்சை இழுங்க என்றாள். பிடிங்க என்றாள். படமும் எடுத்தாயிற்று. அந்த நொடி போன் ஒளிர்ந்தது. இன்னொரு ஏஜென்ட், இன்னொரு வேண்டாம். அவள் அதைப் படித்துவிட்டு, மனசு கனக்க, கண்ணாடிக்குப் பின்னால் அப்படியே நின்றுவிட்டாள். பெரியவரோ சொன்ன சொல் தட்டாத மனிதர். முகம் சிவந்து, கழுத்து நரம்பெல்லாம் புடைத்துவிட்டது. பலகையைக் கட்டிக்கொண்டே, இருந்த கொஞ்சநஞ்ச காற்றில் கேட்டார்.

"விடலாமாம்மா?"

விடுங்க, விடுங்க என்று கத்தினாள் மூச்சக்கா. ஓடிவந்து அவரை நாற்காலியில் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, நாலு தடவை மன்னிப்புக் கேட்டாள். பெரியவர் பெரிதுபடுத்தவில்லை. படம் நன்றாக விழ வேண்டும் என்பதற்காகத்தான் கூடுதல் நேரம் பிடிக்கச் சொல்கிறாள் என்று நினைத்தாராம். அவர் போன பிறகு அவள் போனை எடுத்துக்கொண்டு நேராகப் பக்கத்து அறைக்குப் போனாள்.

பக்கத்து அறையில் இருந்தவர் மாவுக்கட்டுக்காரர். உடைந்த கைகால்களுக்குக் கட்டுப் போடுபவர். உருவம் பெரிது, பேச்சு குறைவு. எந்நேரமும் முழங்கை வரை வெள்ளை மாவு. அவரிடம் அவள் நடந்ததைச் சொல்லி, இனிமேல் காலையில் வந்ததும் போனைத் தந்துவிடுவதாகவும் அதை அவருடைய மேசை இழுப்பறையில் பூட்டிவைக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டாள். ஏஜென்டிடமிருந்து கடிதம் வந்தால் அவரே பிரித்துப் படிக்கலாம். நல்ல சேதியென்றால் உடனே வந்து சொல்ல வேண்டும். கெட்ட சேதியென்றால் மதியம் வரை சொல்லக் கூடாது.

மாவுக்கட்டுக்காரர் யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டார். எலும்பும் அப்படித்தான், ஆறு வாரம் என்றால் ஆறு வாரம், ஒட்டியதா என்று நடுவில் பிரித்துப் பார்த்தால் ஒட்டாது என்றார்.

அந்த ஏற்பாடு நன்றாகவே நடந்தது. கெட்ட சேதி வந்த நாளில் அவர் மதியம் தானே இரண்டு டீ வாங்கிக்கொண்டு வந்து எதிரே உட்காருவார். வாய் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டார். டீயைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிடும். இருவரும் குடித்துவிட்டு வேலைக்குப் போவார்கள். ஒரே ஒரு நாள்தான் குழப்பமாகிவிட்டது. அவருக்குப் பேத்தி பிறந்த சந்தோஷத்தில் டீயோடு வந்து நின்றார். அவள் முகம் தொங்கிப்போய், "யாரு, அந்த மூணாவது ஆளா?" என்றாள். "இல்லக்கா, ரெண்டாவது பொண்ணுக்கு" என்றார் அவர். விஷயம் விளங்க அஞ்சு நிமிடம் ஆயிற்று.

நாலாவது மாதத்தில் மாவுக்கட்டுக்காரர் டீ இல்லாமல், மாவுக் கையோடு, பாதி வேலையில் ஓடிவந்தார். ஒரு ஏஜென்ட் அம்மாள் முதல் பத்துப் பக்கம் தமக்கு மிகவும் பிடித்துவிட்டதாகவும் முழு நாவலையும் அனுப்பும்படியும் எழுதியிருந்தார். மூச்சக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அன்றைக்கு எக்ஸ்ரேவுக்கு வந்தவர்களிடமெல்லாம் எலும்பு ரொம்ப அழகா இருக்கு என்று சொன்னாளாம், உடைந்த எலும்புக்காரர்கள் உட்பட. நாத்தனார் அதற்கு ஒரு படி மேலே போனார். கடைக்கு ரவிக்கை கொடுக்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லி, மாலைக்குள் தெரு முழுக்கத் தண்டோரா போட்டுவிட்டார். நிச்சயம் ஆன மாதிரிதான், தேதி மட்டும்தான் பாக்கி என்பது அவருடைய முடிவு.

பதினொரு வாரம் காத்திருந்தார்கள். பதில் வந்தது. எழுத்து அழகாக இருக்கிறது, பாத்திரங்கள் உயிரோடு இருக்கிறார்கள், ஆனாலும் ஏனோ என் மனம் இதில் ஒட்டவில்லை.

மொத்தமாக வேண்டாம் என்றவர்கள் கொடுத்த வலியெல்லாம் சேர்ந்தாலும் இதற்கு ஈடாகாது. எது குறை என்று சொன்னால் திருத்தலாம். மனம் ஒட்டவில்லை என்றால் எதைத் திருத்துவது? தெருவில் இறங்கினால் இன்னொரு தொல்லை. தேதி குறிச்சாச்சா என்று கேட்க ஆள் இருந்தது. அந்தச் சனி ஞாயிறு முழுக்க அவள் வீட்டிலுள்ள துணியையெல்லாம் எடுத்து இஸ்திரி போட்டாள். தலையணை உறை, கைக்குட்டை, கடைசியில் தரை துடைக்கும் துணிவரை மடிப்புக் கலையாமல் அடுக்கினாள். கணவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, இஸ்திரி போட்டதை வாங்கி வாங்கி அலமாரியில் வைத்தார். ஆறுதல் சொல்லும் கலை அவருக்கு வராது. துடைக்கும் துணியைப் பார்த்துவிட்டு மட்டும், இதை இனிமேல் நான் எப்படிக் கீழே போடுவேன் என்று கேட்டார். அவள் சிரித்துவிட்டாள். சிரித்த கையோடு அழவும் செய்தாள்.

திங்கட்கிழமை பட்டியலை எடுத்து, அடுத்த பெயரைப் பார்த்தாள். இந்த ஏஜென்டும் ஒரு பெண்மணிதான். கடிதம், பத்துப் பக்கம் எல்லாம் வேண்டாம், முழு நாவலையே அனுப்புங்கள் என்பது அவர் வழக்கமாம். மூச்சக்கா வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில், நின்றுகொண்டே, கம்ப்யூட்டரில் 'கடைசி' என்று ஆரம்பிக்கும் கோப்பைத் தட்டி அனுப்பிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

வியாழக்கிழமைதான் தெரிந்தது. கம்ப்யூட்டரில் 'கடைசி' என்று மூன்று கோப்புகள் இருந்தன. கடைசி. கடைசி சரி. கடைசி இவர். அனுப்பியது மூன்றாவதை.

'இவர்' என்றால் கணவர். அவர் லிஃப்ட் மெக்கானிக். கட்டிடங்களின் உச்சியில், மோட்டார் இருக்கும் சின்ன அறையில் ஏறி உட்கார்ந்து, கீழே இருக்கும் கூட்டாளி சரி என்று குரல் கொடுக்கும் வரை மணிக்கணக்கில் காத்திருப்பதுதான் அந்த வேலையில் பாதி. போன வருடம், ஏஜென்ட் பேச்செல்லாம் வருவதற்கு முன்னால், அவராகவே கேட்டு, நாவலைப் போனில் ஏற்றிக்கொண்டு போய் எட்டு மாதம் படித்தார். படிக்கப் படிக்க ஓரத்தில் குறிப்பும் எழுதினார். அவர் திருப்பிக் கொடுத்த அன்று மூச்சக்கா ஆசையாகத் திறந்தாள். ஒன்பதாம் பக்கத்தில் ஒரு குறிப்பு: இந்த இடத்துல கண்ணு சொருகிடுச்சு. அவளுக்குச் சுருக்கென்றது. அப்படியே மூடிவிட்டாள். எல்லாம் படிச்சேன், உபயோகமா இருந்துச்சு என்று அவரிடம் பொய் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை.

இப்போது அந்தக் கோப்புதான் குறிப்புகளோடு ஏஜென்டிடம் போயிருக்கிறது. திறந்து பார்த்தாள். நாற்பதாம் பக்கம்: இங்க லிஃப்ட் ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுபோச்சு, கதை மேலயும் போகல, கீழயும் போகல. அறுபத்து மூன்று: இவளுக்கு மறுபடி கண் கலங்குது, இதோட அஞ்சு தடவை, டாக்டர்கிட்ட காட்டலாம். நூற்றுப் பத்து: இங்க எழுந்து போய் சாப்பிட்டு வந்தேன், வந்து பாத்தா இவங்க இன்னும் அதே பேச்சுதான். அவள் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது கணவர் உள்ளே வந்தார். நடந்ததைச் சொன்னாள். அவர் முதலில் சிரித்தார். பிறகு திரையை எட்டிப் பார்த்தவருக்கு ஏதோ பொறி தட்டியிருக்க வேண்டும்.

"இதெல்லாம் நீ அப்பவே படிச்சதுதானே. இப்ப என்ன புதுசா பாக்கற மாதிரி பாக்கற?"

அவளால் பூசி மெழுக முடியவில்லை. ஒன்பதாம் பக்கத்தோடு நிறுத்திவிட்டதைச் சொன்னாள்.

"அப்ப படிக்கவே இல்லியா?"

"கோவம் வந்துடுச்சுங்க. அப்புறம் வெக்கமாயிடுச்சு. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

அவர் எழுந்து சமையலறைக்குப் போனார். தண்ணீர் குடித்தார். காலையில் கழற்றிவைத்த கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டார், பிறகு அவிழ்த்தார். அதற்கப்புறம்தான் சொன்னார். "நான் மெக்கானிக்தானே, நமக்கென்ன தெரியும், அதனாலதான் நீ ஒண்ணையும் எடுத்துக்கலன்னு நெனச்சேன். அது பரவால்லன்னு விட்டுட்டேன். படிக்கவே இல்லன்னு எனக்குத் தோணவே இல்ல."

சத்தம் போட்டிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்தவள் ஒரே மூச்சாக எல்லாக் குறிப்புகளையும் படித்தாள். மொத்தம் இருநூற்றுப் பதினாலு. முதல் ஐம்பதுக்குக் காது சிவந்தது. அதற்குப் பிறகு மெல்ல மெல்ல வேறு மாதிரி ஆயிற்று. கண்ணு சொருகிடுச்சு என்று அவர் எழுதியிருந்த ஒன்பதாம் பக்கத்தைப் புதிதாகப் படித்தபோது, அடக்க முடியாமல் அவளே கொட்டாவி விட்டாள். லிஃப்ட் நின்ற இடத்தில் கதை நிஜமாகவே நின்றுபோயிருந்தது. சில குறிப்புகளில் பாராட்டும் இருந்தது, அவருடைய பாணியில்: இது நல்லா ஓடுது, கை வைக்காத. முந்நூற்று நாற்பதாம் பக்கம் வந்தது. தங்கை ஆஸ்பத்திரி வராந்தாவில் தனியாக உட்கார்ந்து, அக்காளுக்குப் போன் செய்வதா வேண்டாமா என்று யோசிக்கும் இடம். ஓரத்தில் எழுதியிருந்தார்: இதுக்கு நான் சொல்ல ஒண்ணுமில்ல. ரெண்டு தடவை படிச்சேன். கீழ இருந்து கூப்பிட்டது கேக்கல.

மூச்சக்கா எழுந்து போனாள். அவர் சமையலறைக் குழாயைக் கழற்றிப்போட்டு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். இப்பதான் முழுசாப் படிச்சேன், என் தப்புதான் என்றாள். அவர் நிமிராமல், அந்த ஸ்பேனரைக் கொடு என்றார். கொடுத்தாள். அவ்வளவில் அந்தச் சங்கதி தீர்ந்தது. மதியம் சாப்பிடும்போது அவரே அறுபத்து மூன்றாம் பக்கத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

ஏஜென்டுக்கு அவள் மன்னிப்புக் கேட்டு, சரியான கோப்பை இணைத்து ஒரு கடிதம் அனுப்பினாள். முழுக்க நனைந்த பிறகு முக்காடு எதற்கு என்றார் கணவர். ஆனாலும் அனுப்பினாள். மூன்று வாரம் சத்தமில்லை. விசித்திரம் என்னவென்றால், அந்த மூன்று வாரமும் அவள் பதிலுக்காகத் தவிக்கவில்லை. காலை ஒரு மணி நேரத்தில் நாற்பதாம் பக்கத்தைத் திறந்துவைத்து, நின்றுபோன லிஃப்டை நகர்த்தப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு மதியம் மாவுக்கட்டுக்காரர் ஒலித்துக்கொண்டிருந்த போனை அப்படியே ஏந்திக்கொண்டு வந்தார். கடிதம் வந்தால் என்ன செய்வது என்று பேசிவைத்திருந்தார்கள், கூப்பிட்டால் என்ன செய்வது என்று பேசிவைக்கவில்லை. ஏஜென்ட் அம்மாள்தான் பேசினார். கரகரத்த குரல், வளவளப்பு இல்லை.

"அந்தக் குறிப்பெல்லாம் எழுதினது யாரு?"

"என் வீட்டுக்காரருங்க. தெரியாம அனுப்பிட்டேன், மன்னிச்சுக்கோங்க."

"அவரு என்ன வேலை பாக்கறாரு?"

"லிஃப்ட் மெக்கானிக்."

பிறகு அந்த அம்மாள் சொன்னார். "இருநூத்திச் சொச்சம் குறிப்பு. அதுல பத்தொன்பதுதான் எனக்கு ஒத்துக்கல. மத்ததெல்லாம் நானே எழுதியிருப்பேன், இவ்வளவு நல்லா எழுதியிருக்க மாட்டேன். சரியான பிரதின்னு ஒண்ணு அனுப்பினீங்களே, அதையும் திறந்தேன். இருபது பக்கம் தாண்டல. அவரு சொல்றதைக் கேட்டுத் திருத்தி எழுதுவீங்களா? எழுதினா மறுபடி படிக்கறேன். எடுத்துக்கறேன்னு இப்ப சொல்லலை."

எழுதறேங்க என்று மூச்சக்கா சொன்னாள். போனை வைத்த பிறகு மாவுக்கட்டுக்காரரிடம் விவரம் சொன்னபோது, இதற்கு டீ வாங்க வேண்டுமா வேண்டாமா என்று அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் வாங்கினார்கள்.

திருத்தி எழுத ஐந்து மாதம் பிடித்தது. வேலை முடிந்து வந்து, முகம் கழுவிக்கொண்டு, சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்காருவார்கள். அவள் எழுதுவாள், அவர் படிப்பார். கண் கலங்கும் இடம் பதினேழிலிருந்து மூன்றாகக் குறைந்தது. நானூற்றுப் பன்னிரண்டு பக்கம் முந்நூற்று முப்பத்தொன்றாகச் சுருங்கியது. ஒரே ஒரு அத்தியாயத்துக்குத்தான் பெரிய சண்டை. எதிர்வீட்டு அக்காள் இருமுவதைத் தங்கை கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்கும் அத்தியாயம். ஒண்ணுமே நடக்கல, தூக்கிடு என்றார் அவர். முடியாது என்றாள் அவள். இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு, உப்பு எங்கே என்று கேட்பதற்குக்கூட நாத்தனாரைக் கூப்பிட்டார்கள். நாத்தனார் ஒரு தடவை மாடியேறி வந்து உப்பை எடுத்து நடுவில் வைத்துவிட்டு, ரெண்டு பேரும் கதைக்குள்ளயே குடிபோயிட்டீங்களா என்று திட்டிவிட்டுப் போனார். அத்தியாயம் இருந்தது இருந்தபடி போயிற்று.

அனுப்பி ஒன்பதாவது நாள் ஏஜென்ட் கூப்பிட்டார். எடுத்துக்கொள்கிறேன், அடுத்த வாரம் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட நேரில் வாருங்கள், வரும்போது அவரையும் கூட்டி வாருங்கள் என்றார். மூச்சக்கா அன்று துள்ளவும் இல்லை, அழவும் இல்லை. வயிறாரச் சாப்பிட்ட மாதிரி இருந்தது அவளுக்கு. சரியாக ஆறு பேரை எக்ஸ்ரே எடுத்து முடித்துவிட்டு, ஏழாவது ஆளை ஐந்து நிமிடம் இருக்கச் சொல்லிவிட்டு, தடுப்புக்குள் போய்ச் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

ஏஜென்டின் அலுவலகம் ஒரு பழைய கட்டிடத்தின் ஐந்தாம் மாடியில் இருந்தது. கணவர் இஸ்திரி போட்ட சட்டையில் விறைப்பாக வந்தார். லிஃப்டில் ஏறியதும்தான் அவர் முகம் இயல்பானது. தலையைச் சாய்த்துக் காது கொடுத்துவிட்டு, இதற்கு எண்ணெய் போட்டு ஒரு வருடமாவது இருக்கும் என்றார். அந்த அம்மாளின் அறை சின்னது. நாற்காலிகளின் மேலும் கைப்பிரதிகள் அடுக்கியிருந்தன. அவற்றை எடுத்துக் கீழே வைத்துவிட்டுத்தான் உட்கார முடிந்தது. அவர் வயதில் மூச்சக்காவை விட இளையவர். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டிருந்தார்.

கையெழுத்து ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. அந்த அம்மாள் காகிதத்தை ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டு, கணவர் பக்கம் திரும்பினார்.

"அந்த இருமல் அத்தியாயத்தை எடுக்கச் சொல்லியிருந்தீங்க இல்ல. ஏன்?"

கணவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். கேட்டுவிட்டதால் சொல்கிறேன் என்று ஆரம்பித்து, அதில் ஒருத்தி நிற்கிறாள், இன்னொருத்தி இருமுகிறாள், பத்துப் பக்கத்துக்கு வேறு ஒன்றும் இல்லையே என்றார். புத்தகத்திலேயே அதுதான் முக்கியமான இடம் என்றார் அந்த அம்மாள். அப்படியானால் ஏன் பத்துப் பக்கம், நாலு போதாதா என்றார் இவர். நாலில் கதவுக்குப் பின்னால் அவள் எவ்வளவு நேரம் நிற்கிறாள் என்பது படிப்பவருக்குத் தெரியாது என்றார் அவர். கால் வலிப்பது வரைக்கும் தெரிய வேண்டுமா என்றார் இவர். தெரிய வேண்டும் என்று அந்த அம்மாள் மேசையைத் தட்டினார். ஏழு பக்கம் என்று கணவர் இறங்கி வந்தார். மூச்சக்கா என்று ஒருத்தி அந்த அறையில் உட்கார்ந்திருப்பது இரண்டு பேருக்கும் மறந்துபோய்விட்டது. அவள் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டு, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, ஒருவர் முகத்திலிருந்து இன்னொருவர் முகத்துக்குப் பார்வையை மாற்றிக்கொண்டிருந்தாள். ஆறு வருடம் தனக்கு மட்டும் கேட்டுக்கொண்டிருந்த இருமலை இப்போது இன்னும் இரண்டு பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசியில் எட்டுப் பக்கம் என்று முடிவாயிற்று. அவளிடம் சம்மதமும் கேட்டார்கள்.

கிளம்பும்போது ஏஜென்ட் ஒன்றை எச்சரித்தார். இனிமேல்தான் பதிப்பகங்களுக்கு அனுப்பப் போகிறேன், அவர்களும் நிறையப் பேர் வேண்டாம் என்பார்கள், அந்தக் கடிதமெல்லாம் இனி எனக்குத்தான் வரும், நீங்கள் கேட்டால் மட்டும் சொல்கிறேன் என்றார். கேட்க மாட்டேன் என்று மூச்சக்கா சொன்னாள். எப்படியும் கேட்பாள் என்று கணவர் சொன்னார்.

வெளியே வந்தபோது பஸ் போய்விட்டிருந்தது. அடுத்த நிறுத்தம் வரை நடக்கலாம் என்று நடந்தார்கள். வழியில் நாத்தனார் போன் செய்தார். பின்னால் தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. கையெழுத்து ஆச்சா என்று கேட்டார். ஆச்சு என்றாள்.

"அப்ப புஸ்தகம் கடைக்கு எப்ப வரும்?"

"தெரியல அண்ணி. ஒரு வருஷம் ஆகலாம், ரெண்டு வருஷமும் ஆகலாம். யாரும் போடலைன்னா வராமலும் போகலாம்."

மெஷின் சத்தம் நின்றது. "வராமயே போகலாமா? அப்புறம் எதுக்கு இவ்வளவு சந்தோஷமா பேசற?"

மூச்சக்காவுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டு, ஏழே பக்கத்தில் முடித்திருக்கலாம் என்று இன்னும் சொல்லிக்கொண்டே முன்னால் போய்க்கொண்டிருந்த கணவரை எட்டிப் பிடிக்க நடந்தாள்.